கிறிஸ்தவர்களும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களும் - ஒரு வரலாற்றுப் பார்வை



தமிழ்நாட்டில் பல கிறிஸ்தவ ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் ஒரு ஜெபம் வரும். குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர், அமைச்சர்கள், அதிகாரிகள் எல்லோருக்கும் நல்ல ஞானம் கொடுக்கும்படி வேண்டுவார்கள். ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போட்டவரும், அந்தக் கட்சி தோற்க வேண்டும் என்று தெருத்தெருவாக அலைந்தவரும் ஒரே வரிசையில் நின்று ஆமென் சொல்வார்கள்.

இந்த வழக்கம் எப்படி வந்தது? அரசர்கள் காலத்தில் எழுதப்பட்ட வேதத்தை வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை எப்படி மதிப்பது? அவர் தவறு செய்தால் என்ன செய்வது? இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை. நாம் ஓட்டுப் போடாத ஒருவர் ஜெயித்து வந்தால் நம் எல்லோருக்கும் எழும் கேள்விதான். அதற்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

ரோமாபுரியில் ஆரம்பித்த கேள்வி

அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் ரோமச் சபைக்கு எழுதினார். இது ரோமர் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கி.பி. 57 வாக்கில் அவர் இதை எழுதியபோது ரோமாபுரியை ஆண்டவன் நீரோ. கி.பி. 64இல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தபோது பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டுக் கொன்றவனும் அதே நீரோதான். ஆக, நல்ல ராஜா கிடைத்த சந்தோஷத்தில் எழுதிய வரிகள் இல்லை அவை.

பேதுருவின் முதல் கடிதத்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. பயப்பட வேண்டியது கடவுளுக்கு, கனம் கொடுக்க வேண்டியது ராஜாவுக்கு என்று அவர் பிரித்து எழுதுகிறார். ராஜாவுக்குக் கனம் கொடுக்கச் சொல்லும் அதே கிரேக்கச் சொல்லைத்தான் அதே வசனத்தில் எல்லா மனிதருக்கும் சொல்கிறார். தெருவில் போகிறவருக்கும் பேரரசனுக்கும் ஒரே சொல்! அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமா?

அதனால் சிக்கலும் வந்தது. பேரரசனைக் கடவுளாக நினைத்துத் தூபம் போட வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். கி.பி. 155 வாக்கில் சிமிர்னா நகரத்தில் பாலிகார்ப் என்ற வயதான ஆயர் அதற்கு மறுத்து உயிரை விட்டார். அதிகாரிகளுக்குத் தக்க மரியாதை தருவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. வணங்கச் சொன்னபோதுதான் மறுத்தார். கி.பி. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்பவரும் இதே வாதத்தை எழுதினார். சுருக்கமாகச் சொன்னால், பேரரசனுக்காக வேண்டுவோம், பேரரசனிடம் வேண்ட மாட்டோம் என்பதுதான் அவர் நிலை.

தமிழில் இதைச் சொல்வது எவ்வளவு எளிது பாருங்கள். 'அவருக்காக', 'அவரிடம்' - இரண்டு வேற்றுமை உருபுகளுக்குள் முழு விஷயமும் அடங்கிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

ராஜா போனார், ஜெபம் என்ன ஆனது?

ராஜாக்கள் காலத்தில் மக்களுக்கு வேறு வழி இல்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அதிகாரியாக இருந்த தேவசகாயம் பிள்ளை 1745இல் கிறிஸ்தவர் ஆனார். பிறகு சிறைப்பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அரசன் முடிவு எடுத்தால் முடிந்தது. ஐந்து வருடம் கழித்து அவரை மாற்றலாம் என்ற நினைப்புக்கே அன்று இடம் கிடையாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலிக்கன் சபைகள் பயன்படுத்திய ஜெபப் புத்தகத்தில் இங்கிலாந்து அரசருக்கும் அரச குடும்பத்துக்கும் தனி ஜெபங்கள் இருந்தன. அரசர் போய்விட்டால் அந்த ஜெபத்தை என்ன செய்வது?

இந்தச் சிக்கல் முதலில் வந்தது அமெரிக்காவில். 1776இல் சுதந்திரம் அறிவித்த பிறகு அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபையார் 1789இல் தங்களுக்கென்று புதிய ஜெபப் புத்தகம் வெளியிட்டார்கள். அரசருக்கான ஜெபம் இருந்த இடத்தில் ஜனாதிபதிக்கான ஜெபம் வந்தது. வார்த்தையில் சின்ன மாற்றம்தான், பொருளில் பெரிய மாற்றம். அரசருக்கு ஜெபித்தபோது நீண்ட ஆயுளைக் கேட்டார்கள். ஜனாதிபதிக்கோ பதவிக்காலம் நான்கு வருடம்.

நம் நாட்டில் 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரம் வந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. 1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானது. அதோடு இங்கிலாந்து அரசர் நம் நாட்டுக்கு அரசராக இருப்பதும் முடிந்தது. அரச ஜெபம் இருந்த இடத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கான ஜெபம் வந்து சேர்ந்தது.

ஒரே தாலுகா, ஆறு முதல்வர்கள்

எங்கள் கனகம்மாசத்திரம் இன்று இருப்பது திருத்தணி தாலுகாவில். இந்தத் தாலுகாவின் கதை இந்தக் கட்டுரைக்கு நல்ல உதாரணம்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ம.பொ.சிவஞானம் நடத்திய எல்லைப் போராட்டம், பேச்சுவார்த்தைகள், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1953 செப்டம்பர் வரை முதல்வர் ராஜாஜி. அக்டோபரில் ஆந்திராவின் பிரகாசம். 1955இல் கோபால ரெட்டி. 1956 நவம்பரில் சஞ்சீவ ரெட்டி. 1960 ஜனவரியில் சஞ்சீவய்யா. அதே வருடம் ஏப்ரலில் காமராஜர்! ஏழு வருடத்துக்குள் ஆறு முதல்வர்கள். நடுவில் 1954 - 55இல் குடியரசுத் தலைவர் ஆட்சி வேறு. அன்றைக்குத் திருத்தணியில் ஒரு குடும்பம் வீட்டைவிட்டு நகராமலே இத்தனை பேரின் ஆட்சியைப் பார்த்திருக்கும். முதல்வர் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் வழக்கம் ஒரு வீட்டில் இருந்திருந்தால் பெயரை ஐந்து முறை மாற்றியிருக்க வேண்டும்.

ராஜா ஆட்சிக்கும் மக்களாட்சிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெளிவாகப் புரிகிறது. ஆள் மாறுகிறார், நாற்காலி அப்படியே இருக்கிறது. நாம் மரியாதை தருவது அந்த நாற்காலிக்கு, அதில் அவரை உட்கார வைத்த மக்களுக்கு. அப்படி இல்லை என்றால் ஒவ்வொரு தேர்தலிலும் நம் மரியாதை செத்துப் பிழைக்க வேண்டியிருக்கும்.

திருத்தணி மண்ணில் பிறந்தவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன் (1888). அவர் படித்தது திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் வூர்ஹீஸ் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இந்து மதத்தை மிஷனரிமார் விமர்சித்தது தன் மனதைக் குடைந்ததாகவும், அதுவே தன்னை வேதாந்தம் படிக்கத் தூண்டியதாகவும் அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மிஷன் பள்ளியில் படித்து, மிஷனரிகளுக்கே பதில் சொன்னவர் 1962இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967 வரை குடியரசுத் தலைவருக்காகச் சபைகளில் ஏறெடுத்த ஜெபங்கள் எல்லாம் அவருக்கானவைதான். நம் மதத்தை ஏற்காத தலைவரை மதிக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

தனித்தொகுதி வேண்டாம் என்ற முடிவு

தேர்தலில் தங்களுக்கென்று தனி இடம் வேண்டுமா என்பதில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. 1931 வட்டமேசை மாநாட்டில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஏ.டி.பன்னீர்செல்வம் தனித்தொகுதி கேட்டார். நீதிக்கட்சியின் முக்கியத் தலைவர்களில் ஒருவர் அவர். அதே மாநாட்டுக்கு வந்த எஸ்.கே.தத்தா அதை எதிர்த்தார். முந்தைய வருடம் போன சேலத்துக்காரர் கே.டி.பாலும் எதிர்த்தவர்தான். நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரான அசரியாவும் தனித்தொகுதியை விரும்பவில்லை. கிறிஸ்தவர் ஓட்டு கிறிஸ்தவருக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், மற்ற மக்களோடு இருக்கும் உறவு அறுந்துவிடும் என்பது இவர்கள் கவலை.

பன்னீர்செல்வம் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பொதுத்தேர்தலில் காணாமல் போய்விடுவார்கள் என்ற பயம் உண்மையான பயம்தான். 1935ஆம் வருடச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடங்களைக் கொடுத்தது.

அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வி மறுபடி வந்தது. அந்தச் சபையின் துணைத் தலைவர் எச்.சி.முகர்ஜி ஒரு வங்காளக் கிறிஸ்தவர். சென்னை மாகாணத்திலிருந்து போன உறுப்பினர்களில் இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசோசாவும் ஒருவர். அவர் லயோலா கல்லூரியின் முன்னாள் முதல்வர். 1949 மே 11 அன்று, பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழுவில், மத அடிப்படையிலான இட ஒதுக்கீடு சட்டமன்றங்களில் வேண்டாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் முகர்ஜியே. அதே மாதக் கடைசியில் சபையும் அதை ஏற்றது.

இதற்கு முன், 1948 டிசம்பர் 6 அன்று, மதத்தைப் பரப்பும் உரிமை பற்றி அதே சபையில் விவாதம் நடந்தது. அந்த உரிமைக்கு ஆதரவாகப் பேசியவர்களில் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். தான் சுமார் 14 வருடம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் அவர் சொன்னார். அந்த உரிமை 25ஆம் பிரிவில் இடம் பெற்றது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், எங்களுக்கென்று தனி ஆள் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பவரே எங்கள் தலைவர் என்றார்கள். மறுபக்கம், கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அவர்கள் உரிமைக்காகப் பேசினார். மரியாதை இரண்டு பக்கமும் போய் வந்தது. ஒரு சிறுபான்மை மக்கள் மற்றவர்களை நம்பிப் போட்ட ஒப்பந்தம் என்றே இதைச் சொல்லலாம்.

மதித்துக்கொண்டே எதிர்த்தவர்கள்

மரியாதை என்றால் வாய் பொத்தி நிற்பதா? நான்கு சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 1954. தென் திருவிதாங்கூர் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர் மார்ஷல் நேசமணி. அவர் கிறிஸ்தவர், மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர். அவர் எதிர்த்த பட்டம் தாணுப்பிள்ளை அரசும் தேர்தல் வழியாக வந்த அரசு. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தது. நேசமணியோடு நின்றவர்களில் தாணுலிங்க நாடார் இந்து, அப்துல் ரசாக் முஸ்லிம். தனித்தொகுதி வேண்டாம் என்றவர்கள் கண்ட கனவு இங்கே நடந்து காட்டியது.

இரண்டாவது, 1959, கேரளா. 1957 ஏப்ரலில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு தேர்தலில் ஜெயித்து வந்தது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளிகளில் ஆசிரியர் நியமனத்தையும் சம்பளத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. தங்கள் பள்ளிகள் பறிபோகும் என்று கத்தோலிக்கச் சபை எதிர்த்தது. மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சேவைச் சங்கமும் சேர்ந்தது. 'விமோசன சமரம்' என்ற அந்தப் போராட்டத்தில் 1959 ஜூன் 13 அன்று அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு நடந்து ஏழு பேர் இறந்தார்கள். ஜூலை 31 அன்று மத்திய அரசு 356ஆம் பிரிவின் கீழ் ஆட்சியைக் கலைத்தது.

இதில் நியாயம் எது? மசோதாவை எதிர்க்க சபைக்கு முழு உரிமை இருந்தது. அந்த மசோதா உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போய், 1958 மேயில் சிறுபான்மையினர் கல்வி உரிமை பற்றி முக்கியமான விளக்கமும் கிடைத்தது. அந்த வழி சரியான வழி. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த அரசை, சட்டமன்றத்தில் அதற்குப் பெரும்பான்மை இருக்கும்போதே, தெருவிலிருந்து கிளம்பிய வேகத்தில் டெல்லி கலைத்தது என்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்று ஒரு அரசு நமக்குப் பிடிக்கவில்லை என்று கலைத்தால், நாளை நமக்குப் பிடித்த அரசுக்கும் அதே கதி வரும். வரத்தான் செய்தது. பல மாநிலங்கள் அப்படிக் கலைந்தன. தமிழ்நாட்டிலேயே 1976, 1980, 1991 ஆகிய வருடங்களில் ஆட்சி கலைக்கப்பட்டது. 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது.

மூன்றாவது, 1975. நெருக்கடி நிலையை அறிவித்த இந்திரா காந்தியும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான். ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி அமைதியாக இருந்தவர்கள் சபைகளில் உண்டு. ஆனால் மார்த்தோமா சபையின் தலைமை ஆயர் யுஹானோன் பிரதமருக்கே கடிதம் எழுதி, தன் மறுப்பைத் தெரிவித்தார். அதே சபையைச் சேர்ந்த எம்.எம்.தாமஸ் நெருக்கடி நிலையைக் கண்டித்து எழுதினார். இருவரும் யாரையும் திட்டவில்லை, யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. தப்பு என்று பேனாவால் சொன்னார்கள். 1977 தேர்தலில் மக்கள் தங்கள் தீர்ப்பைச் சொன்னார்கள். எம்.எம்.தாமஸ் 1990இல் நாகாலாந்து ஆளுநராகவும் ஆனார்.

ஜெர்மனியையும் இங்கே நினைக்க வேண்டும். 1932 தேர்தல்களில் அதிக இடம் பெற்ற கட்சியின் தலைவராகத்தான் ஹிட்லர் 1933 ஜனவரியில் பிரதமர் பதவிக்கு வந்தார். அதே ரோமர் 13ஐக் காட்டி ஏராளமான கிறிஸ்தவர்கள் அவர் பின்னால் போனார்கள். 1934இல் பார்மன் அறிக்கை வெளியிட்ட சிலர் மறுத்து நின்றார்கள். இளம் போதகர் போன்ஹோபர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். கீழ்ப்படிதலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது பாடம்.

நான்காவது, 2002, நம் தமிழ்நாடு. அக்டோபர் 5 அன்று ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மதம் மாறுபவர்கள் பெண்கள், சிறுவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் மாற்றியவருக்கு நான்கு வருடம், ஒரு லட்சம். கிறிஸ்தவ அமைப்புகள் உண்ணாவிரதம் இருந்தன, ஊர்வலம் போயின. ஆனால் யாரும் ஆட்சியைக் கலைக்கச் சொல்லித் தீ வைக்கவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் ஆளும் கட்சி தோற்றது. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. அந்த மே மாதமே சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளைக்குக் கிடைக்காத வாய்ப்பு, 250 வருடம் கழித்து ஒரு ஓட்டுச் சீட்டாக அவருடைய மண்ணுக்கு வந்திருந்தது.

எழுந்து நின்ற மூன்று பிள்ளைகள்

கடைசியாக ஒரு வழக்கு. 1985இல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். பாடுவது தங்கள் விசுவாசத்துக்கு எதிரானது என்று நம்பினார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் இதில், 1986 ஆகஸ்டில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம்.தத்தும் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடவில்லை என்பதை அவமதிப்பாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

பெரும்பாலான கிறிஸ்தவர்கள் தேசிய கீதத்தை மகிழ்ச்சியாகப் பாடுகிறவர்கள். அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை அவர்களுக்கே கொஞ்சம் விநோதமாகத் தோன்றலாம். ஆனாலும் பாலிகார்ப் போட்ட அதே கோடுதான் இது. மரியாதை ஒரு பக்கம், வழிபாடு இன்னொரு பக்கம். கோடு எங்கே விழுகிறது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபடலாம். கோடே வேண்டாம் என்று சொல்வதுதான் ஆபத்து.

முடிவாக

நம் தமிழ்நாட்டில் தலைவர்களுக்கு வானளாவ கட்-அவுட் வைக்கிறோம். பாலாபிஷேகம் செய்கிறோம். காலில் விழுகிறோம். தோற்ற மறுநாளே அதே தலைவரை வாய்க்கு வந்தபடி பேசுகிறோம். இரண்டும் மரியாதை இல்லை. முதலாவது வழிபாடு, இரண்டாவது அவமதிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. வரியைக் கட்டுவது, சட்டத்தை மதிப்பது, ஓட்டைத் தவறாமல் போடுவது, தப்பு என்றால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வது, தோற்றால் அடுத்த தேர்தல்வரை பொறுத்திருப்பது எல்லாம் அந்த இடத்தில் இருக்கின்றன.

ராஜா ஆண்ட காலத்தில் குடிமகனுக்கு ஒரு பொறுப்புதான், கீழ்ப்படிவது. இன்று தலைவரை நாற்காலியில் உட்கார வைத்ததே நாம்தான். அவர் செய்யும் நல்லதிலும் கெட்டதிலும் நமக்கும் பங்கு இருக்கிறது. எனவே, கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் தலைவருக்காக ஜெபிக்கும்போது, அவரைத் தேர்ந்தெடுத்த தங்களுக்காகவும் கொஞ்சம் சேர்த்து ஜெபிப்பது நல்லது. நம்பிக்கை இல்லாதவர்கள் அதே நேரத்தில் கொஞ்சம் யோசித்தால் போதும்.

நீங்கள் ஓட்டுப் போடாத ஒருவர் ஜெயித்து வந்தபோது அவரை உங்களால் மதிக்க முடிந்ததா? யோசித்துப் பாருங்கள்.